மூன்றடி மேலே

அருவிக்குக் குறுக்கே கண்ணாடிப் பாலம் கட்டலாமா கூடாதா என்று பேச அன்று பதினான்காவது கூட்டம். நான்கு வருடமாக நடக்கிறது. முதல் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தவர்கள் எல்லாம் இப்போது வீட்டில் கிடந்ததை மாட்டிக்கொண்டு, செருப்பை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். பேசினதையே பேசி வாயும், கேட்டதையே கேட்டுக் காதும் புளித்துப்போய்விட்டன. யார் எழுந்தால் என்ன சொல்வார் என்பது மண்டபத்து நாற்காலிகளுக்கே மனப்பாடம். இன்றோடு முடித்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். பதின்மூன்றாவது கூட்டத்திலும் அதைத்தான் சொன்னார்கள்.

கூட்டம் பத்து மணிக்கு. ஆனால் அளவுக்காரருக்குக் காலை ஆறு மணிக்கே வேலை இருந்தது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நீர்த்துறையில் இருபத்து மூன்று வருடமாக அவருக்கு ஒரே வேலை. காலையும் மாலையும் அருவிக் குளத்துக்கு இறங்கி, அங்கே பாறையில் அடித்திருக்கும் பலகையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, நோட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அதனால் ஊருக்கே அவர் அளவுக்காரர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவருடைய முழங்கால்கள் அதற்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன.

பலகை பன்னிரண்டடி உயரம். வெள்ளைப் பூச்சு, கறுப்புக் கோடு, சிவப்பு எண்கள். அடியில் இருக்கும் பூஜ்யம் குளத்தின் பாறைத் தரையில் தொடங்க வேண்டும். அப்போதுதான் பலகையில் ஐந்து என்றால் தண்ணீரும் ஐந்தடி. சட்டம் அப்படி. நடப்பு வேறு. பதினோரு வருடமாக அந்தப் பூஜ்யம் தரையிலிருந்து மூன்றடி மேலே நிற்கிறது. பலகை ஐந்து என்றால் தண்ணீர் எட்டு. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அப்போது மேற்பார்வையாளராக இருந்தவர், அவர் இப்போது உயிரோடு இல்லை. இன்னொருவர் அளவுக்காரர்.

பதினோரு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு புதரில் சிக்கிக் கிடந்ததை அவரே கண்டுபிடித்துத் தோளில் சுமந்து வந்தார். சரியான இடத்தில் பொருத்த ஆள் அனுப்புங்கள் என்று மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் இன்றைய அளவு ஏன் வரவில்லை என்று தினமும் போன் வந்தது. பழைய இடத்தில் பாறையே பெயர்ந்துபோயிருந்ததால், ஆணி இறங்கிய இடத்தில், மூன்றடி மேலே, தானே அடித்துவிட்டார். நோட்டில் எழுதும்போது மூன்றைக் கூட்டி எழுதினார். பதினெட்டு நாள் அப்படி எழுதினார். பத்தொன்பதாவது நாள் மேற்பார்வையாளர் வந்து பலகையையும் நோட்டையும் பார்த்து, பலகையில் நாலுன்னு இருக்கு, நீங்க ஏழுன்னு எழுதறீங்க, யாரைக் கேட்டு என்று குதித்தார். அளவுக்காரர் விளக்கினார். "அதெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க. பலகையில இருக்கறத எழுதுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அந்த வாரம்தான் அளவுக்காரரின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சண்டை போடத் தெம்பில்லை. பலகையில் இருந்ததை எழுதினார். மனைவி திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மூன்றடி எங்கே நினைவிருக்கும்? மறந்துபோனார் என்றும் சொல்லலாம், மறக்க வசதியாக இருந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

அன்று காலை பலகை மூன்று காட்டியது. எழுதிக்கொண்டு, போனில் சொல்லிவிட்டு, படிக்கட்டில் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டின் முன்னறைதான் மகளின் தையல் கடை. அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தையல் மிஷினோடும் ஒரு பையோடும் திரும்பி வந்தவள். டெய்லரம்மா என்று ஊரில் கூப்பிடுவார்கள். துணி வெட்டுவதற்கு மாதிரி வரையும் காக்கித் தாளை நான்கு மீட்டர் நீளத்துக்கு ஒட்டி, அதில் அப்பாவின் இருபத்து மூன்று வருட நோட்டுகளையும் ஒரே கோடாக வரைந்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் கோடு மேலேயே ஓடும். கோடையில்கூட ஐந்துக்குக் கீழே போகாது. மழைக்காலத்தில் பன்னிரண்டைத் தொடும். அதற்கப்புறம் படியில் கால் தவறியதுபோல் கீழே இறங்கும். கோடையில் இரண்டு, மழையில் ஒன்பது. மூணடி குறைஞ்சுபோச்சு, அருவி செத்துக்கிட்டிருக்கு, இதுக்கு மேல பாலமும் ஓட்டலும் கட்டினா மிச்சமும் போயிடும் என்பதுதான் நான்கு வருடமாக அவள் கட்சி. பதின்மூன்று கூட்டத்திலும் அந்தத் தாளை விரித்தாள். பதின்மூன்று முறையும் எதிர்த்தரப்பால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் உள்ளே வந்தபோது அவள் அந்தத் தாளைத்தான் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டீ ஊத்தி வெச்சிருக்கேன், ஆறிடப்போகுது" என்றாள். "அப்பா, இன்னைக்கு உங்களையும் எழுப்பிக் கேப்பாங்களாம். இது உங்க அளவுதானான்னு. ஆமான்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. நீட்டி முழக்க வேணாம்."

டீயைக் கையில் எடுத்தார். குடிக்கத் தோன்றவில்லை. 

"அம்மாடி, அந்தப் பலகைய நான் மூணடி மேல அடிச்சுட்டேன்" என்றார்.

"எந்தப் பலகைய?"

"குளத்துப் பலகைய. வெள்ளம் வந்த வருஷம். தண்ணி குறையல. பலகைதான் மேல போயிடுச்சு."

அவள் சுருட்டுவதை நிறுத்தினாள். வேறு யாராவது என்றால் புரிய வைக்க அரை மணி நேரம் பிடித்திருக்கும். அவள் அளவெடுத்தே பிழைப்பவள். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்து, அதன் முனையை மேஜையிலிருந்து மூன்று அங்குலம் மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இப்படித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அளந்திருக்கீங்க" என்றாள். "பதினோரு வருஷமா."

"ஆமா."

"நானும் நாலு வருஷமா ஊர் முன்னாடி நின்னு அதையே பேசியிருக்கேன்."

"உனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சது எனக்குத்தான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மிஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து டேப்பை விரலில் சுற்றினாள். 

"வேற யாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. பாலம் அறுபதடி உயரத்துல வரப்போகுது. உங்க மூணடியால அதுக்கு ஒண்ணும் ஆகாது. அது வேணாம்னு முடிவாச்சுன்னா இந்தத் தப்பால யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. நோட்டுலயே கிடந்துட்டுப் போகட்டும். நாலு மாசத்துல நீங்களும் வேலைய விட்டு வந்துடுவீங்க." அவள் நிமிர்ந்தாள். "எனக்காக. இது ஒண்ணே ஒண்ணு."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. களைத்துப்போன மனிதனுக்குச் சும்மா இருக்கச் சொல்கிற எந்த யோசனையும் நியாயமாகத்தான் படும். சரிம்மா என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரியம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பதினான்கு கூட்டத்தையும் நடத்தியவர் அவர்தான். ஊருக்கு அலுத்ததைவிட அவருக்கு இரண்டு பங்கு அலுத்திருக்கும். பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் குமாஸ்தா. கீழே ஒரு பக்கம் பாலம் வேண்டும் என்பவர்கள், இன்னொரு பக்கம் வேண்டாம் என்பவர்கள், நடுவில் எப்படியாவது முடித்துத் தொலையுங்கள் என்பவர்கள். நடுவில்தான் கூட்டம் அதிகம்.

முதலில் லாட்ஜ்காரர் எழுந்தார். பாலம், கம்பியில் தொங்கிப் போகும் கம்பிவழிப் பெட்டி, படம் எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு வளையம், இருநூறு வண்டி நிறுத்த இடம் என்று வழக்கமான பட்டியலை ஒப்பித்தார். இதய வளையம் வந்தபோது பின்வரிசையில் வழக்கமான ஆள் வழக்கம்போல் சிரித்தார்.

அடுத்து வேன்காரர். இவரை மட்டும் யாராலும் சிரித்துத் தள்ள முடியாது.

"நான் வேற எதுவும் சொல்லலைங்க" என்றார். "என் ரெண்டு பொண்ணுங்களும் வேலை தேடி வெளியூர் போயிடுச்சுங்க. ஒருத்தி வருஷத்துக்கு ஒரு தடவை வர்றா, இன்னொருத்தி அதுவும் இல்ல. வீட்டுல நானும் அவங்கம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அருவி அழகாத்தான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல. இங்கயே ஒரு வேலை இருந்தா அதுங்களும் அந்த அழகப் பாத்துக்கிட்டு இருக்குமில்ல?"

 அளவுக்காரருக்கு அந்த மனிதர் மேல் கோபமே வந்ததில்லை. மகள் திரும்பி வந்த வீட்டின் அருமை அவருக்குத் தெரியும்.

பிறகு மகள் எழுந்தாள். தாளை விரித்தாள். அவள் குரல் எப்போதும்போல் இல்லை, ஒரு சுருதி கீழே இருந்தது. மற்றவர்கள் அதைக் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். "மூணடி குறைஞ்சிருக்கு" என்று சொல்லும்போது அவள் அப்பா பக்கம் திரும்பவில்லை. நேற்று வரை அது அவள் வாயில் உண்மையாக இருந்தது. இன்று காலை அவர்தான் அதைப் பொய்யாக்கிக் கொடுத்திருக்கிறார். தெரியாமல் இருந்தவளைத் தெரிந்தே பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.

"நீர்த்துறைக்காரர் இருக்காரா?" என்று கேட்டார் அதிகாரியம்மா. "இது உங்க அளவுதானே?"

எழுந்தார். "என் கையெழுத்துதாங்க" என்றார். அது உண்மை. உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதினாலு கூட்டமாக் கேக்கறேன். நீங்க ரெண்டு பக்கமும் ஒத்துப்போறது ஒரே ஒரு விஷயத்துல. பத்து வருஷமா தண்ணி குறைஞ்சிருக்கு. எதிர்க்கறவங்க அதனால கட்டாதீங்கங்கறாங்க. கட்டறவங்களோட திட்டத்துலயும் அதே கணக்குதான் இருக்கு. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி சொல்றேன். கண்ணாடிப் பாலம் வேணாம். கம்பிவழி வேணாம். ஓட்டல் வேணாம். இன்ஜினியர், அந்த மாற்றுத் திட்டத்தச் சொல்லுங்க."

இளம் இன்ஜினியர் எழுந்து ஒரு சின்ன வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். குளத்து ஓரத்தில் ஒரே ஒரு மேடை. பாறைத் தரையிலிருந்து பத்தடித் தூண்கள், மேலே மரப்பலகை, சுற்றிலும் கைப்பிடி. மழைக்காலத்திலும் ஜனங்கள் நின்று சாரல் முகத்தில் பட அருவியைப் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டலாம். விதிப்படி கடைசிப் பத்து வருட அளவை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். "அதிகபட்ச வெள்ளமே ஒன்பதடிதான். நாங்க பத்து வெச்சிருக்கோம். ஒரு அடி பத்திரம்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, வீட்டுக்குப் போகலாம் என்கிற நிம்மதி. லாட்ஜ்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் தலையை ஆட்டினார். வேன்காரர், ஏதோ ஒண்ணு வந்தா சரி என்றார். எதிர்ப்பவர்கள் பக்கத்தில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். டெய்லரம்மா ஜெயிச்சுட்டா என்று ஒரு பெண் கத்தினாள். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் முதுகைத் தட்டினார்கள்.

அளவுக்காரர் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கணக்கு இல்லை. பலகையில் ஒன்பது. அடியில் மூன்று. பன்னிரண்டு. தூண் பத்து.

மேடைக்கு மேல் இரண்டடித் தண்ணீர் ஓடும். சும்மா நிற்கிற தண்ணீர் இல்லை. பாறையைப் பெயர்த்து, பலகையைப் பிடுங்கி எறிந்த தண்ணீர். அங்கே பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். 

மகள் கையை விலக்கியபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். அப்பாவைவிட வேகமாகவே போட்டிருப்பாள். வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தாள். அப்புறம், அப்புறம் பார்த்துக்கலாம் என்று உதடு அசைந்தது. நாளைக்கு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம், தூணை உயர்த்தச் சொல்லலாம், இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம். அத்தனையும் அந்தக் கண்ணில் இருந்தது.

அவரும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டார். ஆனால் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்பது இந்த மண்டபத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தீர்மானத் தாள் சுற்றி வந்தது. லாட்ஜ்காரர் கையெழுத்துப் போட்டார். மகள் போட்டாள், பேனாவை அவள் அழுத்திப் பிடித்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில், நீர்த்துறை சார்பில் சாட்சிக் கையெழுத்துக்கு, தாள் அவரிடம் வந்தது. குமாஸ்தா இடத்தைக் காட்டினார்.

எழுந்து நின்றார்.

"இந்த அளவு தப்புங்க" என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார். பலகை விழுந்ததையும், மேலே அடித்ததையும், பதினெட்டு நாள் கூட்டி எழுதியதையும், பிறகு விட்டதையும் சொன்னார். மேற்பார்வையாளர் சொன்னார் என்று சொல்லவில்லை. செத்தவர் மேல் பழியைப் போட அவருக்கு மனம் வரவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததையும் சொல்லவில்லை. "தெரிஞ்சுதான் எழுதினேன். என் தப்புதான்" என்று முடித்தார்.

பிறகு கொஞ்ச நேரம் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சோம்பேறி என்றது ஒரு குரல். இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினது எதுக்கு என்றது இன்னொன்று. மறுபடியும் கூட்டமா, ஐயோ என்று நடுவில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். உண்மையில் அதுதான் பலருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து நாலு வருஷமா நாடகம் ஆடியிருக்காங்க என்றார் லாட்ஜ்காரர். 

இன்ஜினியர் அவரிடம் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நிஜமாவா சார்? பன்னிரண்டா?"

"சில வருஷம் பன்னிரண்டு. அதுக்கு மேலயும் வந்திருக்கலாம்."

இன்ஜினியர் சுவரில் ஒட்டிய வரைபடத்தைப் போய்க் கிழித்தார். மடிக்கக்கூட இல்லை. பிறகு மேடையருகே போய் அதிகாரியம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். மண்டபம் அடங்கியது. குளத்து ஓரத்தில் எதுவும் கட்ட முடியாது என்றார். அறுபதடி உயரத்தில் வரும் கண்ணாடிப் பாலத்துக்கு மட்டும் இதனால் பாதிப்பு இல்லை என்றார். தண்ணீரும் குறையவில்லை என்றால், அதற்கு எதிராகச் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதிகாரியம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷிதான், குரலில் ஏளனம் இல்லை.

"டெய்லரம்மா, உங்க ஆட்சேபணை தண்ணி குறைஞ்சதுங்கறதுதான். அது இப்போ இல்ல. வேற ஏதாவது காரணம் இருக்கா? இருந்தா சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன்."

மகள் எழுந்தாள். விரித்த தாளைப் பார்த்தாள். நான்கு மீட்டர் தாளில் அவளுக்கு உதவ ஒரு புள்ளிகூட இல்லை.

"காரணம்னு இல்லைங்க" என்றாள். "அது அப்படியே இருக்கட்டுமேன்னு தோணுது. ஊருல ஏதாவது ஒண்ணு, யாரும் கை வைக்காம, அது பாட்டுக்கு இருக்கட்டுமே. முதல் கூட்டத்துலயே இதச் சொல்லியிருக்கணும். சிரிப்பாங்கன்னு பயந்துக்கிட்டுக் கணக்கத் தூக்கிட்டு வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு, "இத எப்படிங்கம்மா எழுதறது?" என்று கேட்டார்.

அதிகாரியம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆட்சேபணைக்குக் காரணம் தரப்படவில்லைன்னு எழுதுங்க" என்றார். பாலத் திட்டம் ஏற்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினார். நீர்த்துறை ஊழியரின் எழுத்து விளக்கம் ஒரு வாரத்துக்குள் வர வேண்டும் என்று கடைசியாகச் சேர்த்தார்.

மண்டபம் காலியானது. பாலம் வேண்டாம் என்று மகளோடு நின்றவர்கள்கூட இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள், தேங்கிய சேற்றைச் சுற்றிப் போவதுபோல. மகள் தாளை எடுக்கவில்லை. அவர் குனிந்து சுருட்டப் போனார்.

"விடுங்க" என்றாள்.

விட்டார். இருவரும் வெளியே வந்தார்கள். மதிய வெயிலில் கண் கூசியது. ஊருக்குள் எங்கே நின்றாலும் அருவியின் சத்தம் கேட்கும். பழகிவிட்டதால் யாருக்கும் கேட்பதில்லை. அன்று அவருக்குக் கேட்டது. கடைத்தெருவைத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு, நடந்துகொண்டே, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்ப்பா? நாலு வருஷம். தினமும் ஒரே வீட்டுல இருக்கோம். உங்க நோட்ட வாங்கி வாங்கித்தான் அந்தத் தாளை வரைஞ்சேன். ஒரு நாள் சொல்ல முடியலையா?"

பல பதில் இருந்தது. வேலை போய்விடும் என்கிற பயம், வெட்கம், சோம்பல். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"நீ திரும்பி வந்தப்ப ஒரு வருஷம் வாசலுக்கே வரல. மிஷினத் துணி போட்டு மூடி வெச்சிருந்த. கூப்பிட்டா 'ம்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் என் நோட்ட எடுத்துப் பார்த்துட்டு, அப்பா, இங்க பாருங்க, தண்ணி எப்படி இறங்கியிருக்குன்னு ஓடி வந்த. தரையில தாளை விரிச்சு, முழங்கால் போட்டுக்கிட்டு, பென்சில வாயில கடிச்சுக்கிட்டு வரைஞ்ச. உங்கம்மா போனதுக்கப்புறம் அந்த வீட்டுல அப்படி ஒரு முகத்த நான் பாக்கல. அது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கும் நீ அதே மாதிரி இருந்த."

அவள் நின்றுவிட்டாள். அவரும் நின்றார். அவள் கண் நிறைந்திருந்தது. கோபத்தினாலா வேறு எதனாலா என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ இன்னைக்கு மட்டும் எப்படி வாய் வந்துச்சு?"

"பிள்ளைங்க நிப்பாங்களேம்மா."

 அவளும் அதே கணக்கைப் போட்டவள்தான். போட்டுவிட்டும் கையெழுத்துப் போட்டவள். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அவர் சொல்லிக்காட்டவில்லை என்பது அவளை இன்னும் அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும்.

"கொஞ்ச நாளைக்கு நான் உங்ககூடப் பேசமாட்டேன்" என்றாள். "சாப்பாடு செஞ்சு வெச்சிருப்பேன். எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்குங்க. எதுவும் கேக்காதீங்க."

"சரிம்மா."

"எத்தனை நாள்னும் கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

"சரி" என்றார்.

அவள் முன்னால் நடந்தாள். வேகமாக நடக்கிறவள், அவரால் ஈடு கொடுக்க முடியாது. தெரு முனையில் அவள் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மெதுவாக வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தாள். அடுத்த முனையிலும் அப்படியே நின்றாள்.